ஷிமானாமி கைடோ: 70 கிலோமீட்டர், இரண்டு சைக்கிள், ஒரே நாள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நவம்பர் நடுவில் ஜப்பான் போகிற தம்பதி. ஹிரோஷிமா பக்கம் இரண்டு நாள் கையில் இருக்கிறது. கணவர் வாராவாரம் 60, 70 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறவர். மனைவி கல்லூரிக்குப் பிறகு எப்போதாவதுதான். இருவரும் சைவம். ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை, தீவுகளைப் பாலங்களால் கோத்துப் போகும் ஷிமானாமி கைடோ சைக்கிள் பாதையை ஒரே நாளில் ஓட்ட முடியுமா, எந்தச் சைக்கிள் எடுப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று மனைவி கேட்டிருக்கிறார். கூடவே, "அவர் முன்னே போய்க்கொண்டே இருப்பார், நான் பின்னால் தனியாக வருவேனோ என்று பயமாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறார். மற்ற கேள்விகளை விட இதுதான் முக்கியமான கேள்வி.

முடியும். ஆனால் ஒனோமிச்சியிலிருந்து கிளம்பாதீர்கள். இமாபாரியில் தொடங்கி ஒனோமிச்சிக்கு வாருங்கள்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒனோமிச்சியில்தான் தொடங்கும். புல்லட் ரயிலில் வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் எட்டும் தூரம், அவ்வளவுதான் காரணம். பாதையின் கடினமான பகுதி முழுக்க இமாபாரி பக்கம் இருக்கிறது: நாலு கிலோமீட்டர் நீளமுள்ள குருஷிமா பாலம், அதைத் தாண்டியதும் ஓஷிமா தீவின் மேடுகள். ஒனோமிச்சியில் தொடங்கினால், கால் ஓய்ந்துபோன மாலை மூன்று மணிக்கு ஓஷிமா உங்களுக்காகக் காத்திருக்கும். நவம்பர் நடுவில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். தலைகீழாக வந்தால் கடினமானதெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு. பாதையின் வட பாதியில் இகுச்சிஜிமா தீவின் செத்தோதா துறைமுகத்திலிருந்து ஒனோமிச்சிக்குச் சைக்கிளோடு ஏறிக்கொள்ளக்கூடிய படகு ஓடுகிறது. இமாபாரியிலிருந்து வந்தால் 40 கிலோமீட்டர் போல ஓட்டிய பிறகு அந்தத் துறைமுகம் வரும். "போதும்" என்று தோன்றினால் அங்கே நிறுத்திவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்க்கவேண்டியதில் முக்கால்வாசி அதற்குள் பார்த்தாகிவிடும். படகு நேரத்தை மட்டும் முந்தைய நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடையாது.

ஷிமானாமி கைடோ என்பது ஹோன்ஷு பெருந்தீவையும் (ஒனோமிச்சி பக்கம்) ஷிகோகு தீவையும் (இமாபாரி பக்கம்) ஆறு சிறு தீவுகள் வழியாக இணைக்கும் நெடுஞ்சாலை. 1999 மே 1ஆம் தேதி திறந்தார்கள். நெடுஞ்சாலை 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிள் பாதை தீவுகளின் கரையோரமாகச் சுற்றிப் போவதால் 70. பாலங்களில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாதை கட்டியிருக்கிறார்கள். தீவுகளுக்குள் ஊர்ச் சாலைதான், ஓரத்தில் ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டை விட்டு விலகாமல் போனால் வரைபடமே தேவையில்லை. இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சாலையிலேயே எழுதியிருப்பார்கள். பாலங்களில் சைக்கிளுக்கு இருந்த சிறு சுங்கத்தை 2014இல் தள்ளுபடி செய்தார்கள், அதை நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது 2023 அக்டோபர் கடைசியில். எனக்கு 46, என் கணவருக்கு 51. எங்கள் வீட்டில் கதை உங்களுக்கு நேர் எதிர்: நான் மதுரையிலிருந்து அழகர்கோவில் வரை போய்த் திரும்பி 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவள். இவருக்கு வலது முழங்கால் தகராறு. முந்தைய நாள் மாலை ஃபுகுயாமாவிலிருந்து பேருந்தில் இமாபாரிக்குப் போய் இரவு தங்கினோம். அந்தப் பேருந்து இதே பாலங்கள் மேல்தான் போகிறது. ஜன்னல் வழியே ஒவ்வொரு பாலமாக எட்டிப் பார்த்த இவர், நாலாவது பாலத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பார்.

ஏற்றத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். கப்பல்கள் அடியில் போக வேண்டும் என்பதால் பாலங்கள் உயரத்தில் இருக்கின்றன. ஆனால் சைக்கிள்கள் ஏறும் சரிவுப் பாதையை நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் என்ற கணக்கில், மலையைச் சுற்றிச் சுற்றி, ஒரே சீராகக் கட்டியிருக்கிறார்கள். செங்குத்தாக எங்கேயும் இல்லை, ஆனால் முடியவே முடியாதது போல நீளும். கியரை முன்கூட்டியே குறைத்துவிட்டு, பேசிக்கொண்டே ஏறுகிற வேகத்தில் போனால் போதும். பேச மூச்சு வரவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

குருஷிமா பாலம் உண்மையில் மூன்று தொங்கு பாலங்கள், ஒன்றின் வால் பிடித்து இன்னொன்று. இப்படி மூன்று தொங்கு பாலங்களை வரிசையாகக் கோத்தது உலகத்திலேயே இங்குதான் முதல் முறை. நம் பாம்பன் சாலைப் பாலத்தை மனதில் கொண்டுவந்து, அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு நாங்கள் அதன் நடுவில் நின்றபோது அடியில் கடல் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பது உவமை இல்லை. நீரோட்டம் அங்கே மணிக்கு 10 கடல் மைல் வரை போகும், சுழல்கள் மேலிருந்தே தெரியும். அதனால் கப்பல்களுக்கு ஒரு விசித்திரமான விதி: ஓட்டத்தோடு போகும் கப்பல் நடுக் கால்வாயில் போக வேண்டும், ஓட்டத்தை எதிர்க்கும் கப்பல் மேற்குக் கால்வாயில். ஓட்டம் திரும்பும்போதெல்லாம் யார் எந்தப் பக்கம் என்பதும் மாறும். உலகமெங்கும் கப்பல்கள் வலப்பக்கமாக விலகிப் போக, இந்த ஜலசந்தியில் மட்டும் சில மணி நேரம் இடப்பக்கமாக விலகுகின்றன. அரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையே பார்த்தோம். அந்த அரை மணியைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓஷிமா, எங்கள் சண்டை நடந்த தீவு. (ஓஷிமா என்றால் பெரிய தீவு. ஜப்பானில் அந்தப் பெயரில் ஏகப்பட்ட தீவுகள் உண்டு. கைபேசியில் வெறும் பெயரைத் தட்டினால் எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும், இமாபாரி என்று சேர்த்துத் தேடுங்கள்.) மற்ற தீவுகளில் பாதை கரையோரமாகப் போகும். இங்கே தீவின் நடுவே மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஏற்றத்தில் மெதுவாக வருகிறவருக்குத் துணையாக நாமும் மெதுவாக மிதிப்பது அன்பாகத் தோன்றலாம், ஆனால் இருவருக்கும் கஷ்டம். முன்னே இருப்பவருக்குச் சைக்கிள் ஆடும். பின்னே இருப்பவருக்கு "நம்மால்தான் தாமதம்" என்று உறுத்தும். அதனால் "மேலே போய் நிற்கிறேங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன். மியாகுபோ கணவாயின் உச்சியில் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. இறக்கம் அவ்வளவு சுகமாக இருந்தது. அடுத்த பாலத்தின் அடிவாரம் வரை வந்துதான் பிரேக்கைத் தொட்டேன்.

இவர் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாக்கெட் வைஃபை, அது இவர் பையில். என் கைபேசி வெறும் கடிகாரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் திரும்பி அதே மேட்டை மறுபக்கத்திலிருந்து ஏறினேன். தீவின் தொடக்கத்தில் கிரோசான் குன்றுக்கு ஒரு சாலை பிரிகிறது. 307 மீட்டர் உயரம், மேலே கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த பார்வை மேடை. காலையில் "முடிந்தால் ஏறிப் பார்க்கலாம்" என்று பேசியிருந்தோம். நான் அதில்தான் ஏறிவிட்டேன் என்று நினைத்து, அந்தப் பிரிவிலேயே இவர் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க போயிட்டீங்க?"

"நான் எங்கம்மா போனேன்? போனது நீ."

அடுத்த பாலம் முடியும் வரை இருவரும் பேசவில்லை. ஓஷிமாவில் மத்தியகாலக் கடலோடிகளான முராகாமி கூட்டத்தாரின் அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்கொள்ளையர் என்றும் சொல்வார்கள், கப்பல்களிடம் சுங்கம் வாங்கிக்கொண்டு வழித்துணை போனவர்கள் என்றும் சொல்வார்கள். பார்க்க ஆசைப்பட்டிருந்தோம். போன ஒரு மணி நேரத்தில் அதுவும் போயிற்று.

இதனால்தான் சொல்கிறேன். ஆளுக்கொரு இ-சிம் வாங்குங்கள், ஒற்றை வைஃபையை நம்பாதீர்கள். சந்திக்கும் இடங்களை முந்தைய இரவே பேசி வையுங்கள். நாங்கள் பிறகு வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது: ஒவ்வொரு பாலத்துக்கும் சைக்கிள் ஏறும் சரிவு தொடங்கும் இடத்தில் முன்னே போனவர் இறங்கி நிற்க வேண்டும், நீலக் கோட்டை விட்டு யாரும் தனியாக விலகக் கூடாது. பின்னால் வந்தவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பவும் கூடாது. இதை உங்கள் கணவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். முன்னே போகிறவர் பத்து நிமிடம் இளைப்பாறியிருப்பார். பின்னால் வருகிறவர் வந்ததும் "வா, போகலாம்" என்றால் அவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது. வேகமாக ஓட்டுகிற ஆண்கள் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இது. அன்று நானும் அதையே செய்தேன்.

ஹகாட்டாஜிமா சின்னத் தீவு. உப்புக்குப் பெயர் போனது. கடற்கரை ஓய்விடத்தில் உப்புப் போட்ட ஐஸ்கிரீம் விற்கிறார்கள். இரண்டு வாங்கி வந்தது இவர். பேச்சு அங்கே திரும்பியது.

அடுத்து ஓமிஷிமா பாலம், 1979இல் முடிந்தது, இந்த வரிசையில் முதலில் கட்டியது, வளைவுப் பாலம். ஓமிஷிமா தீவின் மறுபக்கத்தில் இருக்கும் ஓயாமாசுமி ஆலயம் பழைய சாமுராய்க் கவசங்களுக்குப் பேர்போனது. ஆனால் அது பாதையிலிருந்து விலகி, மேட்டைத் தாண்டி இருக்கிறது. ஒரே நாள் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

தத்தாரா பாலத்தின் அடியில் இருக்கும் பூங்காவில் மதியச் சாப்பாடு. சைவத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மீன் வேண்டாம்" என்று சொல்லி வாங்கும் உடோன் நூடுல்ஸின் சாறே காய்ந்த மீனில் ஊறியதுதான். மீன் துண்டு இருக்காது, சுவை இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது மீன் சாப்பாடு இல்லை. வழியில் இருக்கும் உணவகங்களை நம்பி 70 கிலோமீட்டர் கிளம்பாதீர்கள். நாங்கள் செய்தது: கிளம்பும் முன் இமாபாரியில் கன்வீனியன்ஸ் கடையில் வேகவைத்த வெறும் சோற்றுப் பொட்டலம் இரண்டு வாங்கி அங்கேயே சூடாக்கிக்கொண்டோம். வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து டப்பாவில் அடைத்தோம். வெறும் உப்புப் போட்ட சோற்று உருண்டைகளும், உமே என்ற புளிப்புப் பழத்தை ஊறவைத்து உள்ளே வைத்தவையும் கிடைக்கும், பொட்டலத்தின் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலைக் கைபேசி மொழிபெயர்ப்பில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வாழைப்பழம் எங்கும் உண்டு. தீவுகளின் ஆரஞ்சு வகைகள் நவம்பரில் வரத் தொடங்கிவிடும், சாலையோரத்தில் ஆளில்லாத தட்டில் பை பையாக வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா இருக்கும்.

தத்தாரா பாலத்தை மட்டும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். கோபுரங்களிலிருந்து விசிறி போலக் கம்பிகள் இறங்கித் தளத்தைத் தாங்கும் வகை. நடு இடைவெளி 890 மீட்டர். 1999இல் திறந்தபோது அந்த வகையில் உலகிலேயே நீளமானது. முதலில் தொங்கு பாலமாகத்தான் திட்டமிட்டார்கள். அப்படிக் கட்டினால் வடங்களை இழுத்துக் கட்ட இகுச்சிஜிமா பக்கம் மலையைப் பெரிதாகக் குடைய வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கவே 1989இல் வடிவத்தை மாற்றினார்கள். அதனால்தான் அந்தக் கரையில் பச்சை மலை அப்படியே இறங்கிவந்து பாலத்தைத் தொடுகிறது. கோபுரத்தின் அடியில் நின்று கை தட்டினால், சத்தம் இரண்டு தூண்களுக்கு நடுவே எகிறி எகிறி மேலே ஏறிப் போகும். குரல் கொடுக்கும் டிராகன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தட்டிப் பார்க்கக் கட்டைகளும் உண்டு. இவர் ஏழெட்டு முறை தட்டினார். பாலத்தின் நடுவில் எஹிமே, ஹிரோஷிமா மாகாணங்களின் எல்லைக் கோடு. எல்லாரும் போல நாங்களும் ஆளுக்கொரு மாகாணத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

இகுச்சிஜிமா எலுமிச்சைத் தீவு. ஜப்பானில் எலுமிச்சை என்றாலே இந்தத் தீவின் செத்தோதா நினைவுக்கு வரும் அளவுக்கு. இரண்டே கால் மணிக்கு ஊருக்குள் வந்தோம். படகில் ஏறுவதா, ஓட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் இது. இங்கே கோசான்ஜி என்று ஒரு கோயில் வளாகம். இரும்புக் குழாய்த் தொழிலில் பணம் சேர்த்த ஒருவர், தாய் இறந்தபின் துறவியாகி, அவர் நினைவாக 1936 முதல் கட்டத் தொடங்கியது. ஜப்பானின் புகழ்பெற்ற பழைய கோயில் கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து, அதைவிடப் பளபளப்பாகக் கட்டியிருக்கிறார். கலை அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் ஒரு மகனின் பிடிவாதம் ஒவ்வொரு தூணிலும் தெரிகிறது, எனக்குப் பிடித்தது. பின்னால் குன்று முழுக்க இத்தாலியின் கராராவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பளிங்கு. வெயிலில் கண் கூசும். முழுசாகப் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அதனால் கோயிலும் வேண்டும், 70 கிலோமீட்டரும் வேண்டும் என்றால் உங்கள் நவம்பர் பகலில் இடம் போதாது. நாங்கள் அரை மணியில் ஓடி வந்தோம். இவர் முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு "ஓட்டிடலாம்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த முடிவை மெதுவாக வருகிறவர்தான் எடுக்க வேண்டும்.

மிச்சமிருந்த 30 கிலோமீட்டரில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரையோரம், சமதளம், ஆங்காங்கே கப்பல் கட்டும் தளங்கள். இன்னோஷிமா பாலத்தில் மட்டும் சைக்கிள் பாதை மேலே இல்லை. கார்கள் ஓடும் தளத்துக்கு அடியில், கம்பிக் கூண்டுக்குள் போக வேண்டும். தலைக்கு மேல் லாரிகள் தடதடக்கும். கடைசித் தீவான முகாய்ஷிமாவிலிருந்து ஒனோமிச்சிக்குப் பாலத்தில் போகாதீர்கள், சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லை. ஐந்து நிமிடப் படகு. சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏறியபோது மணி ஐந்தேகால். பள்ளிப் பிள்ளைகளும் மீன் வாங்கி வந்த பாட்டிகளும் சைக்கிளோடு நின்றார்கள். அவர்களுக்கு அது தினமும் வீட்டுக்குப் போகிற படகு.

சைக்கிள் விஷயம். வழியெங்கும் வாடகை நிலையங்கள் உண்டு. கியர் வைத்த சாதாரண கிராஸ் பைக்கை ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விட்டுவிடலாம், டெபாசிட் மட்டும் திரும்பி வராது. அது நஷ்டமில்லை, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும் சுதந்திரத்துக்கான விலை. கணவன் மனைவி என்றதும் எல்லாரும் டாண்டம் எடுக்கச் சொல்வார்கள், இருவரும் ஒன்றாக மிதிக்கும் இரட்டைச் சைக்கிள். வேகப் பிரச்சினையே இல்லை, யாரும் தொலைந்துபோக மாட்டீர்கள். ஆனால் அதை எடுத்த நிலையத்திலேயே திருப்பித் தர வேண்டும். தவிர, பழகாத இருவர் அந்த நீளமான இறக்கங்களில் அதை ஓட்டுவதை நான் சொல்ல மாட்டேன். ஒரே தீவைச் சுற்ற எடுத்துப் பாருங்கள். பேட்டரிச் சைக்கிள் உங்களுக்கு நல்ல யோசனை. நீங்கள் பேட்டரியில், அவர் சொந்தக் காலில் என்றால் இருவர் வேகமும் ஒன்றாகிவிடும். அதையும் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே விடச் சொல்வார்கள். வேறு ஊரில் விடச் சம்மதிக்கும் கடை எது, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பேடிங் வைத்த டவுசரை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். வாடகைச் சைக்கிள் சீட்டில் அது இல்லாமல் எட்டு மணி நேரம் முடியாது.

அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான், அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி தப்பு, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். ஓட்டியபடி கைபேசி பார்ப்பதற்கும், குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் 2024 நவம்பரிலிருந்து தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

பெட்டிகளைச் சுமக்காதீர்கள், முந்தைய ஹோட்டலிலிருந்து ஒனோமிச்சி ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், வரவேற்பு மேசையிலேயே செய்து தருவார்கள். காலை எட்டு மணிக்குள் சைக்கிளில் உட்கார்ந்துவிடுங்கள். பாலத்தின் மேல் காற்று குளிரும், மடித்து வைக்கிற மாதிரி ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை போதும். இப்போதிலிருந்து நவம்பர் வரை வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், உங்கள் கணவர் இல்லாமல் தனியாக ஓட்டிப் பழகுங்கள். உங்கள் வேகம் எது என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் அங்கே அவரிடம் சொல்ல முடியும்.